மறைத்த கோவைகளும் பரப்பிய வதந்தியும்

'மூளைச்சலவை' என்னும் சொல் இன்று எமது கரையோரத்துச் சந்தைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் தாராளமாகப் புழங்குகிறது. தேர்தலில் தோற்றவர் வென்றவரின் ஆதரவாளரைப் பார்த்து அதைச் சொல்கிறார். மகன் தம் பேச்சைக் கேளாதபோது தகப்பனார் மருமகளை நினைத்து அதைச் சொல்கிறார். ஆயினும் இது பழைய சொல்லன்று. 1936இல் நிறைவெய்திய தமிழ்ப் பேரகராதியில் இதனைத் தேடுவது வீண். அந்த ஆண்டில் இச்சொல் எம்மொழியில் பிறந்திருக்கவே இல்லை. 1950ஆம் ஆண்டு எட்வர்ட் ஹண்டர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர், புதிய சீனத்தில் மக்களின் எண்ணங்கள் மாற்றப்படும் விதம் பற்றி எழுதியபோது ஆங்கிலத்தில் பரவத் தொடங்கிய சொல் ஒன்றின் தமிழ் வடிவமே இது. கொரிய யுத்தம் அதனை உலகெங்கும் கொண்டுசென்றது. யுத்தம் ஓய்ந்தபின் 21 அமெரிக்கப் போர்க்கைதிகள் தாய்நாடு திரும்ப மறுத்தனர். அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று ஆராய்வதிலும், எதிரி அவர்களின் மூளையைக் கழுவிவிட்டான் என்று கூறிவிடுவது வாஷிங்டனுக்கு இலகுவாயிருந்தது.

ஒரு சொல் அச்சத்தை வளர்த்தது. அந்த அச்சத்தின் பேரில் பணம் ஒதுக்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதை இன்று அமெரிக்க அரசாங்கத்தின் சொந்தக் கோவைகளிலிருந்தே நாம் அறிய முடிகிறது. அக்கோவைகளைப் பற்றியும், அவற்றை அம்பாறைக் கரையிலிருந்து படிக்கும்போது எமக்குள் எழும் எண்ணங்களைப் பற்றியும் இங்கு எழுத விரும்புகிறோம்.

1953 ஏப்ரல் 10ஆம் திகதி, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பழைய மாணவர் மாநாடு ஒன்றில் அலன் டல்லஸ் என்பவர் உரையாற்றினார். அவர் அப்போது சீ.ஐ.ஏ. எனப்படும் அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்தின் தலைவர். மனிதரின் மனங்களைக் கைப்பற்றும் போரைச் சோவியத் தரப்பு நடத்துகிறது என்று அவர் எச்சரித்தார். இத்தகைய முறைகளைச் சோதித்துப் பார்க்க மேற்குலகில் தம்மிடம் மனிதப் பரிசோதனை எலிகள் இல்லை என்ற பொருள்படவும் பேசினார். சரியாக மூன்று நாட்களின் பின், ஏப்ரல் 13ஆம் திகதி, அதே டல்லஸ் ஓர் இரகசியத் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கினார். அதன் சங்கேதப் பெயர் எம்.கே.அல்ட்ரா. இல்லை என்று மேடையில் கூறிய பரிசோதனை எலிகளைத் தேடிக்கொள்ளும் திட்டம் அது.

இதற்கு முன்னரும், 1950 முதலே, 'புளூபேர்ட்', 'ஆர்டிசோக்' என்னும் பெயர்களில் அந்நிறுவனம் இத்துறையில் இறங்கியிருந்தது. ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாகப் பேசவைக்கும் மருந்து உண்டா? பேசியதை மறக்கச் செய்ய முடியுமா? அவனைத் தன்னுணர்வின்றி ஏவலுக்கு ஆட்படுத்த முடியுமா? இவையே அவர்களின் வினாக்கள். புதிய திட்டத்தை நடத்தும் பொறுப்பு சிட்னி கொட்லீப் என்னும் இரசாயனவியலாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. எல்.எஸ்.டி. என்னும் மருந்தில் அவர் பெருநம்பிக்கை வைத்தார். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் 1938இல் ஆக்கப்பட்டு, 1943இல் அதன் மயக்கும் தன்மை வெளிப்பட்ட பொருள் அது. நிறமும் மணமும் அற்றது. கண்ணுக்குப் புலப்படாத சிறு அளவே ஒருவரின் நிதானத்தைப் பல மணிநேரம் குலைத்துவிடப் போதுமானது.

பின்னாளில் அமெரிக்க மேற்சபையில் வைக்கப்பட்ட கணக்கின்படி எம்.கே.அல்ட்ராவின் கீழ் 149 உப திட்டங்கள் நடந்தன. 80 நிறுவனங்கள் அவற்றில் சம்பந்தப்பட்டிருந்தன. அவற்றுள் 44 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இருந்தன. 12 மருத்துவமனைகளும் 3 சிறைச்சாலைகளும் இருந்தன. ஆசிரியர்களாகிய நாம் இந்த 44 என்னும் எண்ணின் முன் சற்று நிற்க வேண்டும். பணம் நேரடியாக வரவில்லை. தருமநிதியம், ஆராய்ச்சிச் சங்கம் என்னும் போர்வைகளினூடே வந்தது. தம் ஆய்வுக்குப் பணம் தருபவர் யார் என்பதை அறியாதிருந்த பேராசிரியர்களும் உண்டு. அறிந்தும் வாய் திறவாதிருந்தோரும் உண்டு. அறிவின் ஆலயம் என்று நாம் மாணவருக்கு வருணிக்கும் இடங்களின் பின்வாசல் இவ்வாறு திறந்து கிடந்தது.

யார் மீது சோதித்தார்கள்? இதுவே எம்மை அதிகம் உறுத்தும் கேள்வி.

கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் போதைப் பழக்கத்துக்கு ஆளான கைதிகளுக்கென ஓர் அரச மருத்துவமனை இருந்தது. அங்கே ஹரிஸ் இஸ்பெல் என்னும் வைத்தியரின் சோதனைகளுக்கு உட்பட்டோரிற் பெரும்பாலோர் கறுப்பினக் கைதிகள். சிலருக்குத் தொடர்ந்து 77 நாட்கள் எல்.எஸ்.டி. கொடுக்கப்பட்டது. சம்மதித்தமைக்குக் கைம்மாறாக அவர்களுக்கு வழங்கப்பட்டது யாது தெரியுமா? எந்தப் போதையிலிருந்து விடுபட அங்கு வந்தார்களோ, அதே போதை மருந்து.

கனடாவின் மொன்றியலில், மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் நினைவு நிலையத்தில், இவன் கமரன் என்னும் உளமருத்துவர் இருந்தார். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் தலைவராகவும் பின்னர் உலக உளமருத்துவர் சங்கத்தின் முதற் தலைவராகவும் விளங்கிய பெரிய மனிதர். அவரிடம் மனச்சோர்வு என்றும், பிரசவத்துக்குப் பிந்திய ஏக்கம் என்றும் வந்த சாதாரணப் பெண்களும் ஆண்களும் வாரக்கணக்கில் மருந்துகளால் உறங்கவைக்கப்பட்டனர். வழமையை விடப் பன்மடங்கு கடுமையான மின்னதிர்ச்சி அவர்களுக்குத் தரப்பட்டது. தலையணைக்கடியில் ஒலிப்பதிவு நாடா ஒரே வாக்கியத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓதிற்று. பழைய மனத்தை அழித்துவிட்டுப் புதிய மனத்தை எழுதலாம் என்பது அவருடைய கொள்கை. அழிப்பது கைகூடிற்று, எழுதுவது கைகூடவில்லை. தம் பிள்ளைகளின் பெயரையே மறந்து வீடு திரும்பிய தாய்மாரும் இருந்தனர். 1957 முதல் 1960 வரை அந்த ஆய்வுக்குச் சீ.ஐ.ஏ.யின் பணம் ஒரு போலிச் சங்கத்தின் வழியே சென்றது. 1988இல் அமெரிக்க அரசாங்கம் வழக்காடியோருக்கு 750,000 டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 1992இல் கனடிய அரசாங்கம் 77 பேருக்குத் தலா 100,000 டொலர் வழங்கியது.

தம்முடைய ஆட்களையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. பிராங்க் ஒல்சன் என்பவர் அமெரிக்க இராணுவத்தின் உயிரியல் ஆயுத ஆய்வுகூடத்து விஞ்ஞானி. 1953 நவம்பரில் அவரறியாமல் மதுவிலே எல்.எஸ்.டி. கலந்து கொடுக்கப்பட்டது. ஒன்பது நாட்களின் பின் நியூயோர்க் நகர ஹோட்டல் ஒன்றின் மாடியிலிருந்து வீழ்ந்து இறந்தார். மருந்து கொடுக்கப்பட்ட செய்தியை அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அறிந்தது 1975ஆம் ஆண்டிலேதான். இருபத்திரண்டு ஆண்டுகளின் பின் ஜனாதிபதி ஃபோர்ட் அவர்களை அழைத்து மன்னிப்புக் கோரினார். அம்மரணம் தற்கொலையா கொலையா என்னும் ஐயத்தை அக்குடும்பம் பின்னரும் விட்டுவிடவில்லை.

ஒல்சனை விட்டுவிட்டுப் பார்த்தால், ஏனையோர் பெரும்பாலும் ஒரே வகையினர். கைதி, போதைக்கு அடிமையானவன், மனநோயாளி என்று ஏடுகளிற் பதியப்பட்டவன். இவர்களிடத்தே மனத்தை ஆளும் மர்மம் எதுவும் விசேடமாக ஒளிந்திருக்கவில்லை. இவர்கள் நாளை எழுந்து நின்று 'எமக்கு இவ்வாறு செய்தார்கள்' என்று கூறினால் நம்புவார் எவரும் இலர் என்பதே இவர்களின் தகுதி. மனிதர் மீது சோதனை நடத்த அவரின் சுயசம்மதம் இன்றியமையாதது என்று 1947இல் நியூரம்பேர்க்கில் நாஜி வைத்தியர்களைத் தண்டித்த நீதிமன்றம் விதி எழுதி ஆறு ஆண்டுகளே கழிந்திருந்தன. தீர்ப்பளித்த நீதிபதிகளும் அமெரிக்கரே. நேர்மை கருதி இன்னொன்றையும் சொல்லவேண்டும். சோவியத் நாட்டிலும் மாறுபட்ட கருத்துடையோர் மனநோயாளர் எனப் பெயரிடப்பட்டுப் பூட்டிவைக்கப்பட்டனர். அதன் பேரில் எழுந்த கண்டனத்தால் 1983இல் சோவியத் உளமருத்துவர் சங்கம் உலகச் சங்கத்திலிருந்து விலகிற்று. எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் பேச்சுரிமையற்றவனின் உடலே சோதனைக் களமாகிறது.

இவையெல்லாம் வெளிவந்த கதை தனியானது. 1973 ஜனவரியில், பதவியை விட்டு நீங்கும் தறுவாயில், சீ.ஐ.ஏ. தலைவர் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ் எம்.கே.அல்ட்ராக் கோவைகளை அழித்துவிடுமாறு பணித்தார். அழித்தும் விட்டார்கள். ஆயினும் 1977இல், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஜோன் மார்க்ஸ் என்னும் எழுத்தாளர் கொடுத்த விண்ணப்பத்தின் பேரில் தேடியபோது, பழைய பத்திரங்கள் வைக்கும் களஞ்சியத்தில் ஏழு பெட்டிகள் அகப்பட்டன. அவை கணக்குப் பகுதியின் பெட்டிகள். ஆய்வுக் கோவைகளை எரித்தவர்கள் பற்றுச்சீட்டுகளை மறந்துவிட்டார்கள். எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு, எந்தத் திகதியில், யாருடைய கையொப்பத்தோடு என்னும் வரவு செலவுத் தாள்களே அந்த இரகசியத்தைக் காட்டிக்கொடுத்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் 3ஆம் திகதி மேற்சபை விசாரணை நடந்தது. மொன்றியல் நோயாளர் பலர் தம் மீது நடந்த சிகிச்சைக்குப் பணம் தந்தவர் யார் என்று அறிந்ததும் அதன் பின்னரேதான். 2024 டிசம்பரில் வாஷிங்டனின் தேசிய பாதுகாப்பு ஆவணக் காப்பகம் என்னும் அரசு சாரா நிறுவனம், இத்துறை சார்ந்த 1,200க்கு மேற்பட்ட ஆவணங்களை ஒருங்கே தொகுத்து வெளியிட்டது.

மனத்தை ஆளும் மருந்து அகப்பட்டதா? இல்லை. இருபது ஆண்டு உழைப்பில் பயன் அருகியதே என்ற முடிவுக்குக் கொட்லீப்பே வந்தார். ஏவிய வேலையை உணர்வின்றிச் செய்யும் மனித பொம்மையை அவர்களால் ஆக்க முடியவில்லை. ஆனால் மனிதனை உடைக்கும் வழி தெரிந்தது. தனிமை, உறக்கமின்மை, ஒலியும் ஒளியும் அற்ற அறை, காலம் தெரியாக் குழப்பம் ஆகியவற்றால் ஒருவனை நிலைகுலையச் செய்யும் முறைகள் 1963இல் 'குபார்க்' என்னும் விசாரணைக் கைநூலில் வகுக்கப்பட்டன. 1997இல் அக்கைநூலும் வெளியிடப்பட்டது. உடைந்த மனிதன் கேட்டவனுக்கு வேண்டியதைச் சொல்வான். அது உண்மையாயிருக்க வேண்டும் என்பதில்லை.

இவ்விடத்தில் எமது ஊருக்கு வருவோம். கல்முனையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் நாம், புதன்கிழமைகளில் பாடசாலை விட்டபின் மாணவர் சிலரோடு வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்துகிறோம். மேற்கூறிய செய்திகளைத் தமிழில் சுருக்கி ஒருநாள் அங்கே வாசித்தோம். மதுவில் மருந்து கலந்த கதையைக் கேட்டதும் வட்டத்தில் மௌனம் நிலவிற்று. பின் ஒரு மாணவி கேட்டாள்:

"அப்ப டீச்சர், நம்மளப் பத்தி அவங்க செல்ற கதையும் இப்பிடி ஒரு நாளைக்கு உண்மையாப் போயிருமா?"

அவள் எதைக் கேட்டாள் என்பது அங்கிருந்த அனைவருக்கும் விளங்கிற்று. வெளியூர் வாசகருக்காக விளக்குகிறோம்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, எமது மாவட்டத் தலைநகரான அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் ஏதோ கட்டியாகக் கிடக்கக் கண்ட சிலர், அது சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டனர். கடையில் நின்றவரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. தமிழே தாய்மொழியான அவரிடம் சிங்களத்தில் கேட்டனர். கலந்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்டனர். அச்சத்தின் நடுவே அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைக் கைபேசியிற் படம் பிடித்து ஊரெங்கும் அனுப்பினர். அன்றிரவே கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. சில நாட்களில் கண்டி மாவட்டத்தில் இன்னும் பெரிய வன்முறை மூண்டு, மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வந்தது. மாத்திரை எனப்பட்டது மாக்கட்டி. உணவில் கலந்து ஒருவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவ உலகில் இல்லை என்று வைத்தியர்களும் விளக்கினர். ஆனால் அறிக்கை நடந்து வருவதற்குள் வதந்தி பல ஊர்களை எரித்திருந்தது. அடுத்த ஆண்டு, 2019 மே மாதத்தில், குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் ஆயிரக்கணக்கான பெண்களை இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற பழி பத்திரிகையிலேயே ஏறிற்று. அதற்கும் ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையினர் நீதிமன்றத்தில் தெரிவித்தனர்.

மாணவியின் கேள்வி இதுவே. அறியாதவர்க்கு மருந்து கலந்து கொடுத்தல் என்பது அங்கே உண்மையாயிற்று. இங்கே பொய் என்கிறோம். இரண்டையும் எதைக் கொண்டு பிரிப்பது? எம்மவர் மீது வந்த பழி என்பதால் மட்டும் பொய் என்றால் அது வாதமாகாது. ஆகவே அன்று அவர்களுக்குச் சில வினாக்களை எழுதிக் கொடுத்தோம். குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் அதனைச் செய்யவும் மறைக்கவும் வல்லமை இருந்ததா? சொல்லப்படும் பொருள் உலகில் உண்டா, அதனை எவரேனும் பகுத்துப் பார்த்தார்களா? சான்று எங்கிருந்து வந்தது, குற்றவாளியின் சொந்தக் கையொப்பத்திலிருந்தா, அன்றிச் சூழ்ந்து நின்றோரின் மிரட்டலிலிருந்தா? மாணவர்கள் இரு நிரல் வரைந்து விடை எழுதினார்கள். ஒரு நிரலில் வல்லரசு, எல்.எஸ்.டி., ஏழு பெட்டி பற்றுச்சீட்டு. மறு நிரலில் கொத்துரொட்டிக் கடை, இல்லாத மாத்திரை, பயந்த மனிதனின் தலையசைப்பு. விடையை நாம் சொல்லவேண்டிய தேவை எழவில்லை.

அந்தக் கடைக்காரரின் தலையசைப்பை நாம் அடிக்கடி நினைக்கிறோம். இலட்சக்கணக்கான டொலர் செலவிட்டு வல்லரசொன்று தேடியதும் அதுவேயன்றோ? ஒருவன் வாயிலிருந்து வேண்டிய சொல்லைப் பெறுவது. அதற்கு மருந்து தேவைப்படவில்லை. தன் மொழி செல்லாத இடத்தில், தன் சொல்லுக்கு மதிப்பற்ற நிலையில், ஒருவனைத் தனியே நிறுத்தினால் போதும். எமது நாட்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், 1979ஆம் ஆண்டு முதல், உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அலுவலரிடம் கொடுக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழி செய்தது. தாம் கையொப்பமிட்ட தாளின் மொழியே தமக்குத் தெரியாது என்று முறையிட்ட தமிழ் பேசும் இளைஞர்களின் கதையை இக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருசேர அறிவர்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்கொலைகளைச் செய்தவர்கள் எமது சமூகத்தின் பெயரைத் தாங்கியவர்கள் என்ற துயரம் எம்மை விட்டு நீங்காது. ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி, எமக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் அக்கும்பலைச் சேர்ந்தோர் குண்டை வெடிக்கவைத்தனர். பதினைந்து பேர் இறந்தனர். அவர்களில் ஆறு பேர் குழந்தைகள். சந்தேகங்கொண்டு அதிகாரிகளுக்கு அறிவித்தவர்கள் அவ்வூர் மக்களே. ஆயினும் அதன் பின் 'மூளைச்சலவை செய்யப்பட்டோர்' என்னும் சொல் ஊரையே போர்த்திற்று. தேடுதல் நடந்த அந்நாட்களில் எமது உம்மா நூலலுமாரியின் முன் நின்று, "மகள், இதுல எதெல்லாம் வெச்சிருக்கலாம்?" என்று கேட்டார். உம்மம்மாவின் அரபுத் தமிழ்ப் புத்தகம் ஒன்று அங்கே இருந்தது. அரபு எழுத்தில் எழுதிய தமிழ் அது. படிக்கத் தெரியாதவன் கண்ணுக்கு அது எதுவாகத் தோன்றும் என்று எமக்குத் தெரியவில்லை. நெற்சாக்குகளுக்கிடையே அதனை ஒளித்து வைத்தோம். அயலில் எத்தனையோ வீடுகளில் புத்தகங்கள் அடுப்புக்குச் சென்றன. வாஷிங்டனில் பலமுள்ளவர்கள் குற்றத்தை மறைக்கக் கோவைகளை எரித்தார்கள். எமது தெருவில் குற்றமற்றவர்கள் அச்சத்தால் புத்தகங்களை எரித்தார்கள்.

அச்சம் வீணானதன்று என்பதை அடுத்த ஆண்டு காட்டிற்று. 2020 மே மாதத்தில் அஹ்னாஃப் ஜஸீம் என்னும் இளம் கவிஞர் கைதுசெய்யப்பட்டார். அவரும் ஒரு தமிழ் ஆசிரியர். 2017இல் அவர் வெளியிட்ட 'நவரசம்' என்னும் கவிதை நூல் மாணவர் மனங்களில் தீவிரவாதத்தை விதைக்கிறது என்பது பழி. தமிழறியாதவர்கள் தமிழ்க் கவிதைக்குச் சொன்ன உரை அது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்து, 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தினால் விடுவிக்கப்பட்டார். இதற்கிடையே, 2021 மார்ச் 12ஆம் திகதிய வர்த்தமானியில், தீவிரவாத மதக் கருத்துடையவர் எனக் கருதப்படுவோரை வழக்கு விசாரணை முற்றுப்பெறாமலே ஓராண்டு புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பவும், அதனை மேலும் ஓராண்டு நீட்டவும் வழி செய்யும் ஒழுங்குவிதிகள் வெளியாயின. அவ்வாண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அவற்றுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஒருவன் செய்த செயலுக்குத் தண்டனை என்பது சட்டம். அவன் நெஞ்சில் இருப்பதாகத் தாம் கருதும் எண்ணத்தைக் கழுவி எடுப்பதென்பது, டல்லஸ் அஞ்சிய அந்த மூளைச்சலவையின் வேலை. அச்சொல்லால் பிறரைப் பழிப்போரே அத்தொழிலில் இறங்குவதை வரலாறு இருமுறை காட்டிவிட்டது.

இலங்கையைப் பற்றிய கோவைகளின் கதி என்ன? 2011இல், கென்ய நாட்டு முதியவர்கள் தொடுத்த வழக்கின்போது, பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சு 37 குடியேற்ற நாடுகளிலிருந்து கொண்டுசென்ற 8,800 கோவைகளை இரகசியமாக வைத்திருந்தமை அம்பலமாயிற்று. அவற்றுள் இலங்கைக் கோவைகளும் இருந்தன. 1978 முதல் 1980 வரையான காலத்து இலங்கை பற்றிய ஏறத்தாழ 200 கோவைகளை அதே அமைச்சு அழித்துவிட்டது என்று 2018இல் பத்திரிகைகள் எழுதின. பயங்கரவாதத் தடைச் சட்டம் பிறந்த ஆண்டுகள் அவை. அத்தாள்களில் இருந்ததை இனி எவரும் வாசிக்கப்போவதில்லை. இவ்வாறு எரிந்த கோவை ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு வதந்தி வந்து குந்திக்கொள்கிறது. அரசாங்கங்கள் உண்மையை மறைத்துப் பழகியதனால் மக்கள் பொய்யை நம்பிப் பழகினார்கள். மறைத்தவனுக்கு அதனால் கேடில்லை. அடி விழுவது சாப்பாட்டுக் கடைக்காரன் மீது.

ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது சிறிது. ஆயினும் அச்சிறிதையேனும் செய்ய வேண்டும். எமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் அரச கந்தோரிடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அலுவலருக்கு உரிமை இல்லை. தேசிய பாதுகாப்பு முதலிய காரணங்களால் மறுக்க இடமுண்டு. வெளியிடுவதால் வரும் தீங்கினும் அதனால் வரும் பொதுநலன் பெரிதாயின் வெளியிடவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. மறுத்தால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம். தமிழ்ப் பாடத்தில் நாம் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். விடுமுறை கோரும் கடிதம், நூல் அனுப்புமாறு வேண்டும் கடிதம், பத்திரிகாசிரியருக்குக் கடிதம். இவற்றோடு தகவல் கோரும் விண்ணப்பத்தையும் நாம் சேர்த்துக்கொண்டோம்.

முதல் விண்ணப்பத்துக்கான பொருளை மாணவர்களே தேர்ந்தார்கள். மாரிகாலத்தில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் வீதி ஒன்று அவர்கள் நடந்துவரும் வழியில் உண்டு. அதன் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று உரிய கந்தோருக்கு எழுதினார்கள். முதலில் எழுதிய பிரதியில் 'தயவுகூர்ந்து' என்னும் சொல் நான்கு இடங்களில் இருந்தது. ஓரிடத்தில் விட்டு ஏனையவற்றை வெட்டுமாறு கூறினோம். கேட்பது பிச்சையன்று என்பதை அந்தத் திருத்தத்தில் அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். சில வாரங்களில் முத்திரையும் கையொப்பமும் இட்ட ஒரு தாள் வந்தது. அதில் இரண்டே தொகைகள். கேள்வி கேட்ட மாணவி அத்தாளை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி இதெ வெச்சுக் கதைக்கலாம் டீச்சர்" என்றாள்.

வடிகால் இன்னும் வெட்டப்படவில்லை. இரண்டு தொகைகளுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கே சென்றது என்று கேட்டு இரண்டாவது விண்ணப்பத்தை அவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.